ஒருவர் நுழைந்தால்

ஸ்நேஹா தன் பக்கத்திலேயே நடந்து வருகிறாள் என்பதுதான் வைஜயந்திக்கு முதலில் உறுத்தியது. ஆறு வயதில் எந்தக் குழந்தை அம்மாவின் பக்கத்தில் ஒழுங்காக நடக்கிறது? அதுவும் இந்தக் குழந்தை, மழை ஓய்ந்த புனே கட்கி சந்தில் ஒரு குட்டையைக்கூட விட்டுவைக்காமல் குதித்து, யூனிஃபார்ம் முழுக்கச் சேற்றோடு வாசலில் வந்து நின்று சிரிக்கிற ரகம். இன்று குட்டைகள் எல்லாம் அப்படியே கிடந்தன. ஈரமான சின்னக் கை அவள் கைக்குள் அசையாமல் இருந்தது. அவள் வேகமாக நடந்தால் குழந்தையும் வேகமாக நடந்தது. காய்கறி வண்டிக்கு வழிவிட்டு நின்றால் அதுவும் நின்றது. பின்னால் நெடுஞ்சாலையில் ஜால்ராவும் பக்வாஜ் மத்தளமும் விட்டல நாமமும் மழைமண் வாசனையும் கலந்து இன்னும் போய்க்கொண்டே இருந்தன.

"கால் வலிக்கறதா கண்ணா?"

"அம்மா, போலாமா?" என்றாள் ஸ்நேஹா, தரையைப் பார்த்தபடி.

போய்க்கொண்டுதானே இருக்கிறோம் என்று நினைத்தாள் வைஜயந்தி. குழந்தை களைத்திருக்கும் என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தேஹுவிலிருந்து பண்டரிபுரத்துக்குக் கிளம்பும் பால்கி என்கிற பல்லக்கு ஊர்வலம் புனேக்குள் வருகிற நாளில், பழைய மும்பை நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு ஊராகிவிடும். இன்று ஸ்கூல் பஸ் ஸ்நேஹாவை அந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வீடு இந்தப் பக்கம். கட்கியில் நாலு மழைக்காலம் பார்த்தவர்களுக்கு இதற்கு வழி தெரியும். பக்தர்களின் வரிசையைக் குறுக்கே வெட்டக் கூடாது, பாவம். கூடவே நடக்க வேண்டும். அவர்கள் காலோடு கால் வைத்து, இந்த வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே போனால், ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி மறுபக்கம் வந்து சேரலாம். வேலைக்கு வேலையும் ஆச்சு, புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆச்சு.

சற்று முன்னால் மகளுக்கு அதை விளையாட்டாகத்தான் சொல்லிக் கொடுத்தாள். "தலையைக் குனிஞ்சுக்கோ. அவா எப்படி நடக்கறாளோ அப்படியே நட. நாம உள்ள வந்ததே யாருக்கும் தெரியக் கூடாது."

தலையில் துளசிச் செடி ஏந்திய பெண்களுக்கு நடுவே இருவரும் நுழைந்தார்கள். யாரும் இடித்துக்கொள்ளவில்லை, ஒதுங்கவும் இல்லை. இவர்களுக்கென்று இடம் ஏற்கெனவே இருந்தது. பாதி வழியில் மழை கொட்டியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பிளாஸ்டிக் தாளை விரித்துத் தலைக்கு மேல் போட்டுக்கொள்ள, அந்தச் சலசலப்பில் ஸ்நேஹாவின் கை வழுக்கிவிட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம். வைஜயந்தி குனிந்து தேடுவதற்குள் கை தானாகவே திரும்ப வந்து அவள் விரல்களுக்குள் நுழைந்துகொண்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

கூட்டத்தில் கலப்பது வைஜயந்திக்குப் பிழைப்பு. ஊர் நடுவே கேம்ப் பகுதியில் ஒரு மாடி அலுவலகத்தில், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காகச் செய்கிற வீடியோ கேமைச் சோதிப்பது அவள் வேலை. பழைய நகரம், திருவிழா, மாடிகளில் காவலர்கள், கீழே ஒரு திருடன். அவன் கூட்டத்துக்குள் புகுந்து தலை குனிந்து அவர்கள் நடையிலேயே நடந்தால் காவலர் கண்ணுக்குத் தெரிய மாட்டான். இரண்டாயிரத்து எட்டு ஜனவரியிலிருந்து அவள் நாள் முழுக்கக் கூட்டத்துக்குள் போய் வந்துகொண்டிருக்கிறாள். விளையாடச் சம்பளம் கொடுக்கிற ஊரில் வேலை செய்கிறவனுக்கு மரியாதை எங்கே என்று பேங்க்கில் மாரடிக்கிற கணவன் கேஷவ் கேலி செய்வான்.

கூட்டத்துக்கு முகம் வேண்டுமே. சிக்கனத்துக்கு அலுவலகத்தாரின் முகங்களையே ஒட்டிவிட்டார்கள். புரோகிராம் எழுதுகிற அபினவ் பூக்காரனாக நின்றான். நீலப் புடவை கட்டிக்கொண்டு கடைத்தெருவில் போகிற அத்தனை பெண்களும் வைஜயந்தி. குழந்தை முகம் ஒன்று குறைந்தபோது ஸ்நேஹாவை அழைத்துப்போனாள். நாலு பக்கமும் போட்டோ எடுத்து, மைக்கில் மூன்றே மூன்று வாக்கியம் பேச வைத்தார்கள். கூட்ட இரைச்சலில் எந்த மொழியானால் என்ன என்று தமிழிலேயே.

இரண்டு வாரம் முன்னால்தான் அவள் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். திருடன் நுழைந்ததும் கூட்டத்தில் ஒரு ஆள் கூடிவிட, காவலர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். அபினவ் அன்றைக்கே சரி செய்தான். கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். தமிழ் அவனுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"சிம்பிள் அக்கா. ஒரு ஆள் உள்ள வந்தா, ஒரு ஆளைத் தூக்கிடுவேன். கணக்கு சரியா இருக்கும். நம்ம ஆள் வெளிய போனா ஒண்ணைத் திரும்பப் போட்டுடுவேன்."

"தூக்கினவா எங்க போவா?"

"எங்கயும் போகாது. இருக்கும். காமிக்காது, அவ்ளோதான்."

"திரும்பப் போடறது அதே ஆள்தானா?"

"அரே அக்கா, கூட்டத்துல யாரு பாக்கப்போறா?"

அவளும் சிரித்துவிட்டு, சரியாகிவிட்டது என்று குறித்து அந்தத் தப்பை மூடிவிட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் ஸ்நேஹா ஷூவைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றாள். கேஷவ் ஹாலைக் கடந்தபோது நகர்ந்து அவன் பின்னாலேயே போனாள். அவன் பால்கனிக்குப் போனால் பால்கனி, குளிர்சாதனப் பெட்டிக்குப் போனால் அங்கே. எப்போதும் ஒரு கை தூரம். தலை குனிந்தே இருந்தது. அவன் உட்கார்ந்ததும் நின்றுவிட்டாள். வைஜயந்தி அடுக்களையிலிருந்து வந்தபோது அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

"பாரேன், வாலைச் சுருட்டிண்டு சமத்தாயிட்டா," என்றான் கேஷவ். "பால்கியில நடந்த புண்ணியம்."

"பசிக்கறது," என்றாள் ஸ்நேஹா.

தட்டோடு வீடு முழுக்கத் துரத்த வைக்கிற பெண் தானாகப் பசி என்றதில் அவனுக்கு ஒரே சந்தோஷம். வைஜயந்திக்கு மட்டும் தோசைக்கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் அவளுக்குத் தெரியும். 'பசி'யில் கொஞ்சம் இழுத்து, கடைசியில் மூக்கை உறிஞ்சி. அன்று மைக் முன்னால் குழந்தைக்கு ஜலதோஷம். நூறு தடவை ஹெட்ஃபோனில் கேட்டிருக்கிறாள்.

மண்டியிட்டு மகளின் முகத்தை நிமிர்த்தினாள். அதே கண், அதே நெற்றி மச்சம். "உங்க டீச்சர் பேர் என்ன, சொல்லு?"

"மழை வர்றது," என்றாள் ஸ்நேஹா.

"ஆமாம், வந்துடுத்து," என்று கேஷவ் கொடியிலிருந்த துணிகளை எடுக்க ஓடினான்.

மூன்று வாக்கியமும் வந்துவிட்டது.

அதன்பின் வைஜயந்தி நாலாவது வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். கதை கேட்டாள், திட்டினாள், கிச்சுகிச்சு மூட்டினாள், கடைசியில் கெஞ்சினாள். அம்மா, போலாமா. பசிக்கறது. மழை வர்றது. உனக்குத்தான் காய்ச்சல் மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டுக் கேஷவ் தூங்கப் போனான். விளக்கணைத்த அறையில், ஜன்னலில் தண்ணீர் வழிகிற சத்தத்துக்கு நடுவே, பக்கத்தில் படுத்திருந்த குழந்தையின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இழுக்கும்போது அதுவும் இழுத்தது. விடும்போது விட்டது. வைஜயந்தி மூச்சை அடக்கினாள்.

பக்கத்திலும் சத்தம் நின்றது.

மறுநாள் சனிக்கிழமை. குழந்தையைக் கேஷவிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துக் கேம்ப்புக்குப் போனாள். மாடியில் அபினவ் மட்டும் இருந்தான். ஈரக் குடைகளின் வாடை, கம்ப்யூட்டர்களின் முனகல், வெளியே மதியத்தையே சாயங்காலமாக்கியிருந்த மேகம். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேமைத் திறந்தாள்.

கடைத்தெரு. விளக்குகள். பூக்காரர்கள், கூடைக்காரர்கள், நீலப் புடவைகள். எல்லோரும் தலை குனிந்து ஒரே நடையில் போனார்கள்.

ஒருத்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள்.

சின்னவள். கால்களுக்கு இடையில் புகுந்து, முட்டி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள். கேமில் குழந்தைக்குக் கொடுத்திருந்த மஞ்சள் பாவாடை இல்லை. ஸ்நேஹாவின் ஸ்கூல் யூனிஃபார்ம்: வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறப் பினஃபோர், அவிழ்ந்து தொங்கும் ஷூ லேஸ்.

"அபினவ், இங்க வா."

அவன் வந்து குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "இந்த டிரஸ் நம்மகிட்ட கிடையாது அக்கா. யாரு போட்டா?"

குழந்தை ஒரு நீலப் புடவையைப் பிடித்து இழுத்தது. அண்ணாந்து முகத்தைப் பார்த்தது. அம்மாவின் முகம்தான். அம்மா நிற்கவில்லை. புடவை கையிலிருந்து நழுவிப் போயிற்று. குழந்தை அடுத்த நீலப் புடவையிடம் ஓடியது. அங்கேயும் அம்மாவின் முகம்தான். அதுவும் நிற்கவில்லை. குழந்தையின் வாய் திறந்து திறந்து மூடியது. வைஜயந்தி ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தெரு இரைச்சல்தான் கேட்டது. அந்த வாய்க்கு யாரும் குரல் பதிந்து வைக்கவில்லை.

என் குழந்தை, என் குழந்தை என்று வாய்விட்டே சொன்னாள். திருடனைக் கூட்டத்தை நோக்கி நகர்த்தினாள். நாலே அடி. அவன் தலை தானாகக் குனிந்தது, கால் கூட்டத்தோடு சேர்ந்தது. குழந்தைக்குப் பக்கத்திலிருந்த கூடைக்காரியைக் காணோம்.

சட்டென்று அவனை வெளியே இழுத்தாள். கூடைக்காரி நின்ற இடத்தில் ஒரு கிழவர் நடந்துகொண்டிருந்தார்.

"மறுபடி நுழைஞ்சா யாரைத் தூக்குவ?"

"யாரை வேணா தூக்கும். அது என் கைல இல்ல அக்கா," என்றான் அபினவ். "ரீஸ்டார்ட் பண்ணிடலாமா? கூட்டம் ஃப்ரெஷ்ஷா வரும்." கீபோர்டை நோக்கி நீண்ட அவன் மணிக்கட்டை அவள் நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். தொடாதே."

உள்ளே போகவும் முடியாது. மூடவும் முடியாது. பார்க்க மட்டும்தான் முடியும்.

அப்போதுதான் மின்சாரம் போயிற்று. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. வரிசையாக எல்லாத் திரைகளும் இருண்டன. இந்த ஒன்று மட்டும் மேஜைக்கடியிலிருந்த யூ.பி.எஸ். பெட்டியின் தயவில் எரிந்தது. அது கூவத் தொடங்கியது.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"கொஞ்ச நேரம்தான். பழைய பேட்டரி."

திரையில் குழந்தை ஓடுவதை நிறுத்திவிட்டது. கண்ணைப் புறங்கையால் துடைத்தது. பக்கத்தில் போன ஒரு நீலப் புடவையின் தலைப்பைப் பற்றிக்கொண்டது. இந்த முறை முகத்தை அண்ணாந்து பார்க்கவில்லை.

"வேண்டாம்டா," என்றாள் வைஜயந்தி. "வேண்டாம் கண்ணா. நிமிர்ந்து பாரு."

குழந்தை அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தது. ஒரு அடி தப்பியது. இன்னொன்றும் தப்பியது. மூன்றாவது சரியாக விழுந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டது.

யூ.பி.எஸ். விடாமல் கூவியது. கூட்டம் விளக்குகளுக்குக் கீழே மெதுவாகத் திரும்பியது. பூக்காரர்கள், கூடைகள், நீலப் புடவைகள். சின்னத் தலைகளும் மஞ்சள் பாவாடைகளும் இருந்தன, சாம்பல் நிறப் பினஃபோரை மட்டும் காணோம். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. வைஜயந்தி திரைக் கண்ணாடியில் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். தன் மகள் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.