பூட்டு வாங்கிய ஊர்

நெல்லிக்கொல்லையின் கோடியில் இருந்த பழைய புளிக் கிடங்குக்கு ஒரு நாள் சில ஆட்கள் வந்து வெள்ளையடித்தார்கள். ஊரில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. எதற்காக என்று தெரிந்தவர்களும் இல்லை.

நெல்லிக்கொல்லை ஜவ்வாது மலையில் உள்ள சின்ன ஊர். அப்போது அங்கே மின்சாரம் வந்திருக்கவில்லை. பஸ் தினமும் ஒரு தடவை வரும், அதற்கு மனசு இருந்தால். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கட்டடத்துக்கு வெள்ளையடித்தால் சும்மா இருப்பார்களா?

"ஆஸ்பத்திரி வருது" என்றார் ஒருவர். "ரேஷன் கடை" என்றார் இன்னொருவர். "சினிமாக் கொட்டாய்" என்றான் ஒரு பொடியன். அது அவன் ஆசை.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் வசந்தி ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் லட்சுமணனிடமே போய்க் கேட்டாள்.

"வர்றவங்க வந்து சொல்வாங்க" என்று அவர் மீசையைத் தடவினார். அவருக்கும் தெரியாது என்று அதற்கு அர்த்தம்.

சொல்ல வந்தவர் அற்புதராஜ். சந்தவாசலில் ஒரு சேவைச் சங்கத்தில் வேலை பார்ப்பவர். கிடங்கின் முன்னால் ஊரைக் கூட்டினார்.

"ஜெயில்ல இருந்து விடுதலை ஆகிறவங்க கொஞ்ச நாள் இங்க தங்கப் போறாங்க. தேனீ வளர்க்கக் கத்துக்குவாங்க. அப்புறம் அவங்க ஊருக்குப் போய்டுவாங்க. மொதல்ல மூணு பேரு வர்றாங்க" என்றார்.

எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"திருடங்களா, இல்ல வேற மாதிரியா?"

"அவங்க வூட்டுக்கே நேரா போனா இன்னா?"

அற்புதராஜ் பொறுமையாகச் சொன்னார். "சில பேருக்குப் போக வூடு இருக்காது. சில பேருக்கு வூடு இருக்கும், போறதுக்குத் தைரியம் இருக்காது."

வசந்தியின் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் எழுந்தாள். அவள் குரல் அடுத்த மலை வரைக்கும் போகும். "ஜெயிலுக்குப் போனவங்க இந்த ஊர்ல கால் வைக்கக் கூடாது. அவ்ளோதான்" என்றாள்.

வசந்தியும் எழுந்தாள்.

"அத்தே, எங்க அப்பா ஜெயில்லதான இருக்காரு?"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. வசந்தியின் அப்பா சின்னராசு வேலூர் ஜெயிலில்தான் இருந்தார். மலைக்குக் கீழே இருக்கிற வியாபாரி ஒருவனுக்காகச் சந்தனக் கட்டை தூக்கி, காட்டிலாகாவிடம் மாட்டிக்கொண்டவர். வியாபாரி மாட்டவில்லை. ஆடி மாதம் அப்பா வந்துவிடுவார் என்று அம்மா மாதம்மாள் சொல்லியிருந்தாள்.

"உங்கப்பன் நம்ம ஆளுடி. அது வேற" என்றாள் குப்பம்மாள்.

"எப்படி வேற?"

"அவன் மரத்தைத்தான் தூக்கினான்" என்றார் லட்சுமணன்.

"அவனுக்கு இங்க வூடு வாசல் இருக்குது" என்றார் ஒருவர்.

"சின்னப் பொண்ணு இன்னாத்துக்குக் கூட்டத்துல பேசுது?" என்றார் மற்றொருவர். அதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

வசந்தி குழம்பிப் போய் வீட்டுக்கு வந்தாள். அப்பா நம்ம ஆள், சரி. வரப்போகிற மூன்று பேரும் அவரவர் ஊருக்கு நம்ம ஆள்தானே? அப்படியானால் 'ஜெயிலுக்குப் போனவங்க' என்பது யார்? அதைவிட இன்னொன்று அவளைப் பயமுறுத்தியது. அப்பாவுக்கு வீடு இருக்கிறது. வருவதற்குத் தைரியம் இருக்குமா? ஊர் இப்படிப் பேசுவது தெரிந்தால் வருவாரா?

மூன்று பேரும் வருவது உறுதி என்று தெரிந்ததும், மறு வாரம் லட்சுமணன் கலசப்பாக்கம் சந்தைக்குப் போய், ஒரு சாக்கு நிறையப் பூட்டு வாங்கி வந்தார். வீட்டுக்கு ஒன்று.

அதுவரை நெல்லிக்கொல்லையில் எந்த வீட்டுக்கும் பூட்டு கிடையாது. வெளியே போகிறவர்கள் வாசலில் உலக்கையைக் குறுக்கே வைத்துவிட்டுப் போவார்கள். உலக்கை இருந்தால் ஆள் இல்லை என்று ஊருக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும்.

இப்போது எல்லா வாசலிலும் பூட்டு. சில வீடுகளில் கதவே மூங்கில் படல்தான். ஆடு முட்டினால் திறந்துகொள்ளும். அதற்கும் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது.

சாவியை எங்கே வைப்பது என்றும் யாருக்கும் தெரியவில்லை. குப்பம்மாள் தொலையாமல் இருக்கட்டும் என்று தன் வெள்ளாட்டின் கழுத்தில் கட்டினாள். ஆடு சாவியோடு மேயப் போய்விட்டது. அன்று பொழுது சாயும் வரை குப்பம்மாள் தன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வசந்தி வீட்டுச் சாவி வசந்தியின் கழுத்தில் தொங்கியது. அவள் மேயப் போக மாட்டாள் என்று அம்மாவுக்கு நம்பிக்கை.

மூன்று பேரும் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஊர் கதவிடுக்கு வழியாகப் பார்த்தது. மூவரும் சாதாரணமாக இருந்தார்கள். ஒருவருக்கு மீசைகூட இல்லை. ஊருக்கு அதுதான் இன்னும் குழப்பமாகப் போய்விட்டது.

அடுத்த நாள் சாயங்காலம் நல்ல மழை. வசந்தி ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிடங்குப் பக்கமாக வந்தாள். கிடங்குக் கதவின் முன்னால் அந்த மூன்று பேரில் ஒருவர் தலையில் விறகுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். தலை முதல் கால் வரை நனைந்து போயிருந்தார். ஆனாலும் அசையவில்லை.

வசந்திக்குப் பயம்தான். ஆனால் நனைகிற மனிதரை எப்படி விட்டுவிட்டுப் போவது?

"இன்னாத்துக்கு மழையில நிக்கிறீங்க, மாமா?"

"கதவு சாத்தியிருக்குதும்மா."

"பூட்டியிருக்குதா?"

"தெரியல."

வசந்தி ஒரு கையால் தள்ளினாள். கதவு கிறீச்சென்று திறந்துகொண்டது.

அவர் கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டார்.

"ஆறு வருசமா நான் ஒரு கதவையும் தொறந்ததில்லம்மா. யாராவது வந்து தொறப்பாங்க. அதுவரைக்கும் நிக்கணும். அதே பழக்கமாப் போச்சு."

வசந்திக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் அது நின்றுவிட்டது.

"நீங்க இன்னா தப்பு பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"வரப்புத் தகராறுல ஒருத்தரைத் தடியால அடிச்சிட்டேன். அவருக்கு ஒரு கண்ணு போயிடுச்சு." அவர் குரல் இறங்கியது. "தப்புதான். ஜெயில்ல இருந்துட்டா போன கண்ணு வந்துடுமா?"

வசந்தி ஓரடி பின்னால் போனாள். அவரும் அவள் போக வழிவிட்டு ஒதுங்கினார். ஒருவர் கண்ணைப் போக்கியவர் இவர். சாத்திய கதவைத் தள்ளத் தெரியாமல் மழையில் நின்றவரும் இவர்தான். இரண்டில் எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உன் பேரு இன்னா?"

"வசந்தி. சின்னராசு பொண்ணு."

அவர் முகம் மலர்ந்தது. "மலைக்காரர் சின்னராசுவா? எங்க கூடத்தான் இருந்தாரு. மாதையன்னு சொன்னா அவருக்குத் தெரியும். எப்பப் பாத்தாலும் ஊர்ப் பேச்சுதான். எங்க ஊர்ல ஒரு வூட்டுக்கும் பூட்டே கெடையாதுன்னு சொல்வாரு. நாங்க யாரும் நம்பல."

வசந்தி கழுத்திலிருந்த சாவியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் குப்பம்மாள் போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. அவள் வீட்டு வாசலில் மாதையன் கையில் ஒரு உடைந்த சட்டி ஓட்டோடு நின்றார்.

"எவ்ளோ நேரமா நிக்கிறாரு தெரியுமா? நான் மூணு தபா இடுக்குல பாத்துட்டேன். பேசாம கதவையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நோட்டம் பாக்கிறாரு" என்றாள் குப்பம்மாள்.

"இன்னாய்யா வேணும்?" என்று கேட்டார் லட்சுமணன். அவர் கையில் தடி இருந்தது.

"நெருப்பு" என்றார் மாதையன். "தீப்பெட்டி மழையில நனைஞ்சிடுச்சு."

நெல்லிக்கொல்லையில் நெருப்பு கேட்டு வந்தவருக்கு இல்லை என்று யாரும் சொன்னதில்லை. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"நெருப்பு வேணும்னா கூப்பிடணும், கதவைத் தட்டணும். இப்படியா நிக்கிறது?" என்றாள் குப்பம்மாள்.

மாதையன் தலை குனிந்தார்.

"இது சரிப்படாது. இன்னிக்கே அற்புதராஜுக்கு ஆள் அனுப்புறேன். மூணு பேரையும் கூட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றார் லட்சுமணன்.

மாதையன் சட்டி ஓட்டோடு திரும்பி நடந்தார்.

வசந்தி அவரையும் கூட்டத்தையும் பார்த்தாள். கூட்டத்தில் பேசினால் திட்டுவார்கள். பேசாவிட்டால் அவர் போய்விடுவார்.

"பெரிப்பா, அவருக்குக் கதவைத் தட்ட வரலை" என்றாள் லட்சுமணனிடம்.

யாரோ சிரித்தார்கள்.

"நெசமாத்தான். ஜெயில்ல அவங்க எதையும் தொறக்கக் கூடாதாம். யாராவது தொறக்கிற வரைக்கும் நிக்கணுமாம். நேத்து அவங்க தங்கற எடத்துக் கதவு முன்னாலயே மழையில நின்னாரு. அது பூட்டலகூட. நான்தான் தள்ளிவுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. வசந்தி கலங்கிய கண்ணோடு குப்பம்மாளைப் பார்த்தாள்.

"எங்க அப்பாவும் ஆடியில வந்து எங்க வூட்டு முன்னால இப்படித்தான் நிப்பாரா, அத்தே? நானும் அம்மாவும் கொல்லை வேலைக்குப் போயிருந்தா, நீ அவரைப் பாத்தும் இப்படிக் கத்துவியா?"

குப்பம்மாள் திரும்பித் தன் அடுப்பைப் பார்த்தாள்.

இதுவரை ஒரு கூட்டத்திலும் பேசாத மாதம்மாள் வந்தாள். மகளின் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றினாள். தன் வீட்டுக்குப் போய்ப் பூட்டை எடுத்து வந்து லட்சுமணன் கையில் கொடுத்தாள்.

"அவரு வர்றப்போ எங்க வூட்ல இது இருக்க வேணாங்க" என்றாள்.

லட்சுமணன் ஒரு கையில் தடியும் ஒரு கையில் பூட்டுமாக நின்றார். அதற்குள் குப்பம்மாள் உள்ளே போய்விட்டாள். அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்துக்கொண்டு மாதையன் பின்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

"இந்தாங்க. அடுத்த தபா வந்தா அக்கான்னு கூப்பிடுங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும்."

மாதையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஆள் அனுப்பட்டுமா, வேணாமா?" என்று யாரோ லட்சுமணனைக் கேட்டார்கள்.

"எனக்கே ஒண்ணும் புரியல. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் அவர்.

மறுநாள் சாமை விதைக்கிற வேலை வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாளும் அதே வேலை. பேச நேரமே கிடைக்கவில்லை.

பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. குப்பம்மாள் தினமும் சாயங்காலம் தன் கோழிகளைக் கிடங்கு வரைக்கும் கேட்கிற மாதிரி எண்ணுவாள். ஆனால் ஒரு கோழி குறைந்த அன்று, தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவர் அந்த மீசை இல்லாதவர்தான். அவர் வாசலில் நின்று, "அக்கா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆடி பிறந்தது. அப்பா வருகிற நாளில் வசந்தியும் அம்மாவும் பஸ் நிற்கிற வளைவுக்குப் போனார்கள். குப்பம்மாளும் வந்தாள். லட்சுமணன் தற்செயலாக வந்தது போல வந்து நின்றார். மாதையன் கொஞ்சம் தள்ளி நின்றார்.

பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது. கோணியோடு ஒருவர் இறங்கினார். கோழியோடு ஒருவர் இறங்கினார். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் மேலே ஏறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "தைரியம் வரல போல இருக்குது" என்று மெல்லச் சொன்னாள்.

வசந்தி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். கடைசி ஜன்னலில் அப்பா இருந்தார். மடியில் ஒரு துணிப்பை. கை இரண்டும் முழங்கால் மேல். நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வசந்திக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாளில் அவளுக்குக் குழப்பமே இல்லாமல் புரிந்தது அது ஒன்றுதான். ஓடிப் போய்ப் பஸ்ஸில் ஏறினாள்.

"அப்பா."

அவர் திரும்பினார். இளைத்திருந்தார். பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

"எறங்கலாமா வசந்தி?" என்று மகளைக் கேட்டார்.

வசந்தி சிரிக்கவில்லை. "எறங்கலாம்ப்பா. யாரையும் கேக்க வேணாம்" என்றாள். பையை அவள் வாங்கிக்கொண்டாள்.

"இன்னா சின்னராசு, பஸ்ஸையே வூடாக்கிக்கிட்டியா? சீக்கிரம் எறங்கு, கஞ்சி ஆறுது" என்று வெளியே இருந்து குப்பம்மாள் சத்தம் போட்டாள்.

அப்பா இறங்கினார். அம்மாவைப் பார்த்தார். லட்சுமணனையும் மாதையனையும் பார்த்தார். எல்லோரும் மெதுவாக வீட்டை நோக்கி நடந்தார்கள்.

வாசலில் கதவு சாத்தியிருந்தது. வசந்தி நினைத்திருந்தால் முன்னால் ஓடிப் போய்த் திறந்திருக்கலாம். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே கடைசியாக நடந்து வந்தாள்.

அப்பாவே திறக்கட்டும் என்று நினைத்தாள். அப்பா திறந்தார்.