கரிமூக்கனைக் கொன்றவன்

நேற்று மாலையிலிருந்து பட்டாசு யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. பட்டாசு என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. மூக்கு நுனியிலேயே கோபத்தை வைத்துக்கொண்டு அலைகிற பெண்ணைப் பிள்ளைகள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

"தட்டை ஏண்டி இப்படி டமால்னு வைக்கிற? அது உன்னை என்ன பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

"கரிமூக்கன் செத்துப்போச்சும்மா!"

"ஐயையோ! யாரு வீட்டு நாய்?"

"நாய் இல்ல. என் டிராகன்."

அம்மா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். பட்டாசுக்கு அதற்கும் கோபம் வந்தது. நாய் செத்தால்தான் அழவேண்டுமா? டிராகன் செத்தால் அழக்கூடாதா?

விஷயம் இதுதான். அவள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துப் பிள்ளைகள் சாயங்காலமானால் மாடிப்படியில் உட்கார்ந்து, எல்லோரும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்வார்கள். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கதைக்குள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் உண்டு. பட்டாசுதான் ராணி. மூக்குக்குக் கீழே நாலு முடி முளைத்ததால் மீசை என்று பெயர் வாங்கிய பெரிய பையன் சேனாதிபதி. எல்லோருக்கும் சின்னவளான பொடிசு, பேசும் முயல். மூன்று மாதத்துக்கு முன்னால் குடிவந்த நெட்டைக்கு மிச்சம் இருந்தது கோட்டைக் காவல்காரன் வேலைதான்.

சட்டங்கள் ரொம்பக் கறார். சொன்னது சொன்னதுதான், மாற்ற முடியாது. செத்த உயிர் திரும்பி வராது. யாருடைய ஆள் சாகிறாரோ, அந்தக் கதை முடியும்வரை அவர் படியில் வந்து உட்காரக் கூடாது. கதையோ ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போதைக்கு முடிகிற மாதிரியும் தெரியவில்லை.

கரிமூக்கன் ராணி வளர்த்த டிராகன். முட்டையாக இருந்த நாளிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து வளர்த்தது பட்டாசுதான். அது நெருப்புக் கக்கும். ஆனால் இடி இடித்தால் பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். நேற்று நெட்டை தன் முறை வந்ததும் என்ன செய்தான் தெரியுமா? காவல்காரன் கோட்டைக் கதவைத் திறந்து பூதங்களை உள்ளே விட்டான் என்று சொன்னான். தூங்கிக்கொண்டிருந்த கரிமூக்கன் தலையில் ஒரே போடு. அவ்வளவுதான். இரண்டே வரியில் ஒரு டிராகனைக் கொன்றுவிட்டு, "அடுத்தது யாரு?" என்று வேறு கேட்டான்!

அடுத்தது மீசை. அவனுடைய சேனாதிபதி பூதங்களை அடித்து விரட்டி, காவல்காரனைக் கயிற்றால் கட்டி, ராணியின் காலடியில் தள்ளினான். கைதியை என்ன செய்வது என்பது ராணியின் இஷ்டம். இன்று ராணியின் முறை.

பள்ளிக்கூடத்தில் பட்டாசுக்கு அதே நினைப்புதான். கணக்கு வகுப்பில் முதலைக் குளம் தோன்றியது. விளையாட்டு வகுப்பில் கொதிக்கிற எண்ணெய் தோன்றியது. கடைசியில் வாளே போதும் என்று முடிவு செய்தாள்.

சாயங்காலம் எல்லோரும் படியில் கூடினார்கள். நெட்டை கீழ்ப்படியில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ராணி வாளை உருவினாள்," என்று பட்டாசு ஆரம்பித்தாள்.

"வெட்டு!" என்றான் மீசை. "துரோகியை விட்டுவெச்சா நாளைக்கு உன் தலையிலேயே கை வைப்பான்."

"வெட்டு, வெட்டு!" என்று பொடிசும் குதித்தாள். யாரை வெட்டினாலும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

நெட்டை எழுந்து நடக்க ஆரம்பித்தான்.

"எங்கடா போற?"

"எப்படியும் வெட்டத்தானே போற? நான் வீட்டுக்குப் போறேன்."

"உட்காருடா! நான் இன்னும் வெட்டவே இல்ல. செத்தப்புறம் போ!"

அவன் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. பட்டாசு அதைப் பார்த்துவிட்டாள். இந்தப் படியை விட்டால் அவனுக்கு இங்கே வேறு சிநேகிதம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் கோபம் என்ன, சுவிட்சைத் தட்டினால் அணைகிற விளக்கா?

"ஒண்ணு மட்டும் சொல்லு. கரிமூக்கன் உன்னை என்ன பண்ணுச்சு?"

"எல்லாத்தையும் அதுவே பண்ணுச்சு!" என்று நெட்டை கத்தினான். "பூதம் வந்தா கரிமூக்கன். வெள்ளம் வந்தா கரிமூக்கன். திருடன் வந்தாக்கூட கரிமூக்கன்! என் ஆளு மூணு மாசமா கதவுகிட்ட நின்னு ஈ ஓட்டிட்டிருக்கான். ஒரு நாளாவது 'காவல்காரா, இங்க வா'ன்னு கூப்பிட்டியா?"

"அதுக்காகக் கொல்லுவியா?"

"கதவைத் திறந்தா சண்டை வரும், என் ஆளும் சண்டை போடலாம்னு நினைச்சேன். அப்புறம் எப்படியோ வாயில வந்துடுச்சு. சொன்னப்புறம் மாத்த முடியலையே!"

அவன் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் பட்டாசுக்கு எரிச்சலாக இருந்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நிம்மதியாக வெட்டியிருக்கலாம்.

"அவன்கிட்ட என்ன பேச்சு?" என்றான் மீசை. "நல்ல ராணின்னா ஈவு இரக்கம் பாக்கக் கூடாது."

"வாள் என் கையில இருக்கு. நீ சும்மா இருண்ணா!"

அவள் யோசித்தாள். வெட்டினால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு? கரிமூக்கன் எழுந்து வருமா? வராது. நாளையிலிருந்து இவனும் வரமாட்டான். இரண்டு பேரைத் தொலைத்த கதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"ராணி வாளை ஓங்கினாள்," என்றாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒரே வெட்டு. கைதியின் கயிறு அறுந்து விழுந்தது."

"ச்சே! சப்புன்னு போச்சு," என்றான் மீசை.

"இன்னும் முடியல! ராணி சொன்னாள்: 'உயிர் பிழைச்சாச்சுன்னு சிரிக்காதே. என் டிராகனைக் கொன்னது நீ. இனிமே அது செஞ்ச வேலை அத்தனையும் நீதான் செய்யணும்.'"

"அத்தனையுமா?" என்றான் நெட்டை.

"அத்தனையும்! பூதம் வந்தா நீ. வெள்ளம் வந்தா நீ."

"நெருப்புக் கக்கணுமா?" என்று பொடிசு கேட்டாள்.

"கத்துக்கட்டும்! ராணியை முதுகுல தூக்கிட்டு மலையெல்லாம் தாண்டணும். கவசத்தோட!"

பொடிசு விழுந்து விழுந்து சிரித்தாள். மீசைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பட்டாசு மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

"அப்போ என் மேல கோபம் போயிடுச்சா?" என்று நெட்டை மெல்லக் கேட்டான்.

"போகல. நாளைக்கும் போகாது. என் முறை முடிஞ்சுது, உன் முறை. சொல்லு."

நெட்டை மேலே ஏறி வந்து அவளுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"காவல்காரன் குனிந்து ராணியை முதுகில் ஏற்றிக்கொண்டான். 'மகாராணி, முதல்ல எந்த மலைக்குப் போகணும்?' என்று கேட்டான்."

"இருக்கிறதுலேயே உசரமான மலைக்கு," என்றாள் பட்டாசு.