சுண்டலின் வயிறு

காலை எட்டு மணிக்குச் சுபத்திரா வேகவைத்த பரங்கிக்காயை மசித்து, அதில் அரைக் கரண்டி மீன்பொடியைக் கலந்து, சுண்டலின் தட்டில் வைத்தாள். சுண்டல் என்பது பூனையின் பெயர். வெள்ளை உடம்பில் அங்கங்கே பழுப்புப் புள்ளி இருந்ததால் அப்படி ஒரு பெயர் வாய்த்தது. சுண்டல் முகர்ந்து பார்த்தது, நாலு வாய் தின்றது, சன்னலோரம் போய் நீட்டிப் படுத்துக்கொண்டது. சுபத்திரா அதன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வேறு வேலையெல்லாம் முடித்து, ஒன்பதே முக்காலுக்குத்தான் கீழ்த்தளத்து அறைக்குப் போனில் பேசினாள்.

"மயிலக்கா, என்ன சொல்லுதுங்க இன்னைக்கு?"

"எரியுதுங்க அம்மிணி. லேசாத்தான்."

"எங்க? நேத்து சொன்ன அதே எடமா?"

"அதேதானுங்க. தொப்புளுக்கு மேல, நெஞ்சுக்குழிக்குக் கீழ. குத்தல் இல்லீங்க, எரிச்சல்தான்."

சுபத்திரா குறிப்பேட்டில் பதிந்துகொண்டாள். பரங்கி, மீன்பொடி, எரிச்சல், நேரம். நாளையிலிருந்து மீன்பொடியைக் கால்பங்கு குறைக்க வேண்டும். வயிறு நொந்த பூனைக்கு எதையும் சட்டென்று மாற்றக் கூடாது. பழைய தீனியில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு மாற்ற வேண்டும். 'உணர்ந்து சொல்கிறேன்' என்ற தன் வாராந்திர ஒலிபரப்பில் இதை அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். ஆய்வகத்தில் வளர்த்த கோழிச்சதையா, புழுவை அரைத்த மாவா, பாலைக் கண்ணிலேயே காட்டக் கூடாதா என்று கேட்டு, பூனை வைத்திருப்பவர்கள் கோவையைத் தாண்டி எங்கிருந்தெல்லாமோ அவளுக்கு எழுதினார்கள். அவள் சொன்னால் அது வேதவாக்கு. ஏனென்றால் அவள் உணர்ந்து சொல்கிறாள்.

உணர்வது என்றால் வெறும் பேச்சுக்கு இல்லை. உடன்நோவுச் சட்டம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. வீட்டில் ஒரு பிராணியை வளர்ப்பவர் யாரானாலும் மணிக்கட்டில் உடன்நோவுப் பட்டை கட்டியே ஆக வேண்டும். ஜனங்கள் வாயில் அது லிங்க் பட்டை. பிராணியின் கழுத்துத் தோலுக்கு அடியில் கடுகளவு ஒரு சில்லு இருக்கும், அதை விதை என்பார்கள். அதற்கு எங்கே வலித்தாலும் அந்த வலியில் பத்தில் ஒரு பங்கு வளர்ப்பவருக்கும் அதே இடத்தில் வலிக்கும். சட்டம் வந்த இரண்டே வருடத்தில் மொட்டைமாடி வெயிலில் கட்டிப்போட்ட நாய் ஒன்றுகூட ஊரில் இல்லாமல் போயிற்று. சட்டம் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்தான். என்ன, வளர்க்கிறவர் கையில்தான் பட்டை இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். காசுள்ளவருக்கு மாட்டிவிட இன்னொரு கை எப்போதும் கிடைக்கும் என்பது அந்தப் புத்திசாலிகளுக்குத் தோன்றவே இல்லை.

சுபத்திராவும் முதலில் ஒழுங்காகத்தான் கட்டிக்கொண்டாள். அப்போதெல்லாம் சுண்டலின் வயிறு நிஜமாகவே மோசம். ஒலிப்பதிவின் நடுவில் குடலைப் பிடித்து முறுக்கும், பேச்சு நின்றுபோகும். ஒருநாள், அடுக்ககத்தின் துப்புரவு இயந்திரங்களை மேய்த்துக்கொண்டிருந்த மயிலாத்தாளைக் கூப்பிட்டு, "ஒரு மணி நேரம் கட்டிக்கறீங்களா அக்கா?" என்று கேட்டாள். அந்த ஒரு மணி நேரம் இரண்டு வருடமாக நீண்டுவிட்டது. மயிலாத்தாளுக்கு ஐம்பத்தாறு வயது, தனிக்கட்டை. கீழ்த்தளத்தில் சுபத்திராவுக்குச் சொந்தமான அறையில் வாடகை இல்லாமல் இருந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. இரண்டு பேருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சுபத்திரா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். காலையில் தான் கேட்டு முடிக்கும்வரை மயிலாத்தாள் எதுவும் சாப்பிடக் கூடாது, வெறும் வயிற்றில்தான் பூனையின் வலி கலப்பில்லாமல் தெரியும். சொன்னதோடு சரி. சில நாள் பதினோரு மணிக்குக் கேட்பாள், சில நாள் மதியத்துக்கு மேல் ஞாபகம் வரும்.

இன்று பத்தரைக்கு வருடாந்திரச் சோதனை. போன வருடம்போலவே மயிலாத்தாள் பட்டையைக் கழற்றிக்கொண்டு மேலே வந்தாள். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"பட்டை இந்தாங்க அம்மிணி."

"உக்காருங்களேன் அக்கா."

"இல்லீங்க, போயிப் படுக்கறேன்."

சுபத்திரா பட்டையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டே சரி என்றாள். அவள் மனசு முழுக்கச் சோதனையில் இருந்தது.

பரிசோதகர் இன்பராஜ் இளைஞன், நல்ல மாதிரி. அவளுடைய ஒலிபரப்பை அவன் அம்மா விடாமல் கேட்பதாகச் சொல்லிக்கொண்டே சுண்டலின் கழுத்தில் கருவியை வைத்தான். ஒரு தடவை, இரண்டு தடவை வைத்தான். பிறகு பூனையைத் தூக்கி வயிற்றை அமுக்கிப் பார்த்தான். சுண்டல் சோம்பல் முறித்தது.

"மேடம், விதை செத்துப்போச்சுங்க. கடைசியா சமிக்ஞை போனது ஐப்பசி மாசம். எட்டு மாசமாகுது."

"பட்டையில பச்சை விளக்கு எரியுதே."

"அது பட்டை நல்லா இருக்குன்னு காட்டறதுங்க. விதையிலருந்து ஒண்ணும் வரல." அவன் தயங்கினான். "பூனை வயிறு கல்லாட்டம் இருக்குதுங்க. ஒரு கொறையும் இல்ல. ஆனா போன வாரங்கூட நிகழ்ச்சியில, நெஞ்சுக்குழிக்குக் கீழ சுருக்குனு குத்துச்சுன்னு சொன்னீங்களே மேடம்."

அவன் அதைக் குற்றமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டான். சுபத்திராவுக்குக் காது சூடாகிவிட்டது. ஏதோ பிரமையாக இருக்கும் என்று முனகினாள். அவன் தலையை ஆட்டினான், அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டான், புது விதை போட அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கதவு மூடியதும் அவளுக்கு வந்த முதல் நினைப்பை என்னவென்று சொல்வது? வெட்கக்கேடு. மயிலாத்தாள் எட்டு மாதமாகத் தன்னை ஏமாற்றியிருக்கிறாள் என்றுதான் நினைத்தாள். வலியே இல்லாமல் வாய்க்கு வந்த கதையைச் சொல்லி அறையில் ஓசியாக உட்கார்ந்திருக்கிறாள். அதை நம்பி நானும் ஊருக்கெல்லாம் சொல்லி, இப்போது ஒரு பையன் முன்னால் பொய்க்காரியாக நின்றேன். கையில் பட்டையோடு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று தயாராகத்தான் போனாள்.

மயிலாத்தாள் தரையில் பாயில் சுருண்டு கிடந்தாள். முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டியிருந்தன. நெற்றி வேர்த்திருந்தது. சுபத்திராவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"என்னமோ தெரீலீங்க அம்மிணி," என்றாள். "பட்டைய உங்ககிட்டக் குடுத்தும் எரிச்சல் விடமாட்டீங்குது. பழகுன வலி, பட்டை இல்லாமயே வருதாட்டிருக்குதுங்க. உங்களுக்கும் ரொம்ப எரியுதுங்களா?"

சுபத்திரா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு எங்கேயும் எரியவில்லை. கேட்க வந்த நாலு வார்த்தையை விட்டுவிட்டுப் பாயோரம் உட்கார்ந்தாள்.

"அக்கா, காலையில சாப்பிட்டீங்களா?"

"நீங்க ஒம்பதே முக்காலுக்குத்தானுங்க கேட்டீங்க. அப்பறம் பட்டைய மேல கொண்டாந்து குடுத்தேன். இனிமேத்தான் எதாவது பாக்கோணும்."

எட்டு மாதமாகப் பரங்கிக்காயை மாற்றினாள், மீனை மாற்றினாள், அரிசிக் கஞ்சி வைத்தாள், அதையும் நிறுத்தினாள். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு வாரம் நிதானமாகச் செய்தாள். எல்லாம் திடமான வயிறுள்ள ஒரு பூனைக்கு. வலித்தது இந்த வயிறு. அதுவும் அவள் சொல்லித்தான் காய்ந்த வயிறு. சுபத்திராவுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

வாடகை வண்டியை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் மயிலாத்தாள், வண்டியில் வாந்தி எடுத்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஷமீனா அதிகம் பேசாதவர். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா வலி?" என்றார்.

மயிலாத்தாள் சுபத்திராவை ஒரு பார்வை பார்த்தாள். பழைய வலியைச் சொன்னால் பட்டை விஷயமும் வெளியே வந்துவிடும், பட்டையை அடுத்தவருக்கு மாட்டிவிட்டால் பூனையைப் பறித்துக்கொள்வார்கள், ஒலிபரப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

"நேத்திருந்துதானுங்க டாக்டரம்மா."

டாக்டர் எழுதினார். சுபத்திரா வாயைத் திறக்கவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும்: அவள் சும்மா நின்றாள். ஒலிபரப்பு கண்முன் வந்தது, கடிதம் எழுதுகிறவர்கள் வந்தார்கள், இன்பராஜின் அம்மா வந்தாள். மருந்து கொடுத்தால் எப்படியும் சரியாகத்தானே போகும் என்று மனசு ஒரு சமாதானமும் சொன்னது. டாக்டர் எழுதி முடித்துத் தாளைக் கிழிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒரு நாள் வலின்னா இது சாதாரண அமிலத் தொந்தரவுதான். மூணு நாளைக்கு மாத்திரை தர்றேன், வீட்டுக்குப் போகலாம். பழைய வலியா இருந்தா உள்ள குழாய் விட்டுப் பார்க்கணும், ஆனா..."

"பழைய வலிதாங்க டாக்டர்," என்றாள் சுபத்திரா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "எட்டு மாசமா இருக்கு. தினமும் எழுதி வெச்சிருக்கேன்."

எப்போதும் கைப்பையில் இருக்கும் குறிப்பேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எந்த நேரம், எந்த இடம், எரிச்சலா, குத்தலா, எவ்வளவு நேரம் இருந்தது, எப்போது தணிந்தது, ஒரு நாள் விடாமல் இருந்தது. டாக்டரின் முகம் மாறியது.

"நோயாளிங்க யாரும் இப்படி எழுதி நான் பார்த்ததில்ல. யாரு இந்தச் சுண்டல்? பேர் அப்படிப் போட்டிருக்கே."

"என்னோட பூனைங்க," என்றாள் சுபத்திரா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பட்டையைச் சொன்னாள், செத்த விதையைச் சொன்னாள், வெறும் வயிற்றைச் சொன்னாள். காலையில் திட்டுவதற்காகக் கீழே இறங்கிப் போனதையும் விடவில்லை. மயிலாத்தாள் நடுவில், "அம்மிணி, அதெல்லாம் எதுக்குங்க," என்று இரண்டு முறை தடுத்தாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று சுபத்திராவுக்கு இருந்தது.

"சாப்பாடுன்னு ஒரு பத்தி இருக்கு," என்றார் டாக்டர். "பரங்கி, மீன், கஞ்சி. இதெல்லாம் பூனை சாப்பிட்டது. இவங்க என்ன சாப்பிட்டாங்க?"

சுபத்திராவுக்குத் தெரியவில்லை. எட்டு மாதத்தில் ஒரு நாளைக்குக்கூடத் தெரியவில்லை.

அன்று மதியமே குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் ஆழமான புண். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும் என்றார் டாக்டர். விஷயத்தை எழுதி அனுப்ப வேண்டியது தன் கடமை என்றும் சொன்னார். அனுப்புங்கள் என்றாள் சுபத்திரா. வெளியே வந்து இன்பராஜைக் கூப்பிட்டுத் தானே ஒருமுறை சொன்னாள். அவன், "பூனைய நாளைக்கு வந்து எடுத்துக்கறோம் மேடம்," என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலம் மயிலாத்தாளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்து ஏறி முகம் தெளிந்திருந்தது. தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"வெக்கமா இருக்குதுங்க அக்கா. தினமும் உங்க வலியக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கேன். உங்களுதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

மயிலாத்தாள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஆறுதல் சொல்கிற பாவனையில்தான், துளி வருத்தமும் இல்லாமல் சொன்னாள்.

"எனக்கும் தெரியாமப் போனதுதானுங்க நல்லதாப் போச்சு அம்மிணி. பூனையோடதுன்னு நெனச்சதால தெனமும் சொன்னேன். என்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா நான் எங்கீங்க வாயத் தெறந்திருக்கப் போறேன்."