வாடிப்பட்டி வீட்டு ஆர்கன்

தோழர்களே, வாருங்கள்! பட்டப்பகலில், வாடிப்பட்டித் தெரு ஒன்றில், ஊரே காதாரக் கேட்டிருக்க நடக்கின்ற அநீதிக்குச் சாட்சியாக வந்து நில்லுங்கள்!

சுபலட்சுமியின் மனத்தை முதலில் உறுத்தியது அண்ணனின் ஆசைதான். மறைந்த அப்பாவின் மெல்லிசைக் குழுவில் இருந்த பழைய மின்சார ஆர்கனை அவள் தொட்டாலே முகம் சுளிப்பவன் அருள்பாண்டி. இன்று அவனே உறையை விலக்கித் தூசி துடைத்தான்.

"பாப்பா, சத்தம் கரகரன்னு கிழியுற மாதிரி அப்பா ஒரு தடவை வாசிச்சாரு. அதை வாசியேன். காளைச் சித்தப்பாவும் கேக்கணுங்குறாரு."

"அதுக்கு வால்யூமைக் கடைசி வரைக்கும் மிதிக்கணும்ணே. தெருவே அலறும்."

"அலறட்டும்த்தா."

நேற்று சிவக்குமாரோடு பதிவுத் திருமணத்துக்கு மனுக் கொடுத்துவிட்டு மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றவளை, "நாங்களே நடத்தி வைக்கிறோம், வா" என்று கைபிடித்து அழைத்து வந்தவனும் அவன்தான். பையன் என்ன சாதி என்று ஒரு சொல் கேட்கவில்லை. அந்த மௌனத்தை அவள் அன்பென்று நம்பினாள்.

சுவிட்சைப் போட்டாள். பெட்டிக்குள் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவக்க, சூடேறிய தூசியும் பழைய மரமும் கலந்த நெடி மதிய வெக்கையில் பரவியது. மிதிப்பலகையை அழுத்த அழுத்த, தெளிந்த நாதம் தடித்து, நுரைத்து, ஓரம் கிழிந்து, ஆயிரம் வண்டுகள் ஒருசேரச் சிறகடிப்பதுபோல் கரகரத்தது. அந்தக் கிழிசலுக்குள் ஏதோ ஒன்று மூச்சு வாங்கியது.

எதிர்வீட்டு மலையம்மாள் ஜன்னலோரம் வந்து கத்தினாள்.

"ஆத்தி, இந்தச் சத்தம் கேட்டு எம்புட்டு வருசமாச்சு! ஒங்க அத்தை தாமரைச்செல்வி வயித்துவலியில செத்தா பாரு, அன்னைக்கு மத்தியானம் ஒங்கப்பா வாசிச்சது. நாங்கல்லாம் வாசல்ல நின்னு கைதட்டுனோம்டி!"

அருள்பாண்டி ஜன்னலைச் சாத்தினான். "நீ வாசி, பாப்பா."

அத்தை. அவளும் வேறு சாதிக்காரன் ஒருவனை விரும்பியவள் என்று வீட்டில் அரைகுறையாக ஒரு பேச்சு உண்டு. சுபலட்சுமி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் தாழ் விழுந்தது. ஒலிபெருக்கியின் கரகரப்பு குழைந்து, நெளிந்து, சொல்லாகத் திரண்டது.

"அண்ணே... வேணாம்ணே..."

பெண்குரல். பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

கைகளை உதறி எடுத்தாள். காலையும் எடுத்தாள்.

ஒலி நிற்கவில்லை.

மிதிப்பலகை மேலெழவில்லை. கட்டைகள் தாமாகவே அழுந்திக் கிடந்தன. அப்பாவின் விரல்கள் பதியும் அதே இடங்களில்.

கட்டைகளின்மேல் ஒரு நிழல் விழுந்தது. பின், இன்னொன்று. சித்தப்பாவின் கையில் தலையணை.

கரகரப்புக்குள் இப்போது இரண்டு குரல்கள். ஒன்று அத்தையுடையது. மற்றது அவளுடையது.

அவள் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

தெருவில் நிற்கின்ற பெரியோர்களே, தாய்மார்களே! அன்று வாசலில் நின்று கைதட்டினீர்கள். இன்று அந்தக் கதவை உடையுங்கள். உள்ளே வாசிப்பு இன்னும் நிற்கவில்லை. உடையுங்கள்!