மறுவீட்டுக்கு வந்த பொம்மைகள்

கழிப்பு நாளில் காப்பிகூடக் குடிக்கக் கூடாது. வகுளா வெறும் வயிற்றோடு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அலமாரியிலிருந்து துணிப் பொம்மையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஓட்டுநரில்லாத தானூர்தி வாசலில் வந்து நின்றபோது அதில் சிறுவயதுத் தோழி நாச்சியார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"எங்க மருமக வந்திருக்காளா, சம்பந்தி?"

"பைக்குள்ள இருக்கா. கத்தாத."

மனிதர்கள் இருநூறு வயது வாழத் தொடங்கிய பிறகு நினைவுகளுக்கு மூளையில் இடம் போதவில்லை. நூறு வயதானதும் முதல் பத்தாண்டு நினைவுகளைக் கழித்துவிட வேண்டும். கழிக்காதவர்களுக்கு நேற்று நடந்தது தங்காது. ஒரே ஒரு மணி நேரத்தை மட்டும் விட்டுவைப்பார்கள். அதற்குக் காப்புநேரம் என்று பெயர். எதை வைத்துக்கொள்வது என்பது அவரவர் விருப்பம்.

வகுளாவின் அம்மா அவளுடைய ஒன்பதாவது வயதில் இறந்துபோனாள். படங்கள் இருந்தன. குரல் வகுளாவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

"நான் கல்யாணத்தைத்தான் வெச்சுக்கப் போறேன்" என்றாள் வகுளா.

"பைத்தியமா உனக்கு? அம்மாவ விட்டுட்டு பொம்மைக் கல்யாணத்தையா?"

"அவங்க ரவிக்கைத் துணியிலதானே இவளைத் தைச்சேன்."

"துணி பேசுமா?"

வகுளா பையை மடியில் அணைத்துக்கொண்டாள். அந்த மத்தியானம் அவளுக்கு இன்னும் முழுசாக இருந்தது. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டியின் நிழல். அவளுடைய பொம்மை மணப்பெண். நாச்சியார் ஒற்றைக் காலுறையில் பஞ்சு அடைத்துச் செய்தது மாப்பிள்ளை. பொரியும் வெல்லமும் விருந்து. தாலி கட்டி முடிந்ததும் நாச்சியார் பெண்ணை அழைத்துப்போகக் கை நீட்டினாள். அப்போதுதான் வகுளாவுக்குப் புரிந்தது, கல்யாணம் ஆனால் பெண் போய்விடுவாள் என்று. பொம்மையைக் கட்டிக்கொண்டு ஓடிக் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டாள். சாயங்காலம்வரை திறக்கவில்லை.

அன்றிலிருந்து நாச்சியார் மருமகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"நான் மறந்துட்டா நீ யாருகிட்டடி கேப்ப?" என்றாள் வகுளா.

நாச்சியார் பையைத் தட்டிக்காட்டினாள். "எனக்குக் கழிப்பு அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் கல்யாணம் எங்கிட்ட இருக்கும். நீ அம்மாவ வெச்சுக்க. பொண்ண இன்னைக்கே அனுப்பிடு."

வகுளா பொம்மையை வெளியே எடுத்தாள். கலைந்திருந்த கம்பளிநூல் சடையைச் சரிசெய்தாள்.

"நல்லாப் பாத்துக்குவீங்களா, சம்பந்தி?"

"எங்க வீட்டுல என்ன கொறச்சல்? ஒரு நாத்தனார்கூடக் கிடையாது."

கழிப்பு நடக்கும் நினைவகத்தில் தாதி கேட்டபோது, அம்மா தலைபின்னிவிட்ட ஒரு காலை நேரத்தைச் சொன்னாள் வகுளா. மற்றதெல்லாம் வலியில்லாமல் போயிற்று. அந்த வயதுப் பொருள்களைப் பற்றிப் பின்னால் சேர்ந்த நினைவும் கூடவே கழியும் என்பதால், பொம்மை என்று ஒன்று இருந்ததே அதோடு போயிற்று. நாச்சியார் தன்னைச் சம்பந்தி என்று கூப்பிடுவது மட்டும் தங்கியது. ஏன் என்பது தங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாச்சியார் தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு வந்தாள். நடுவே இரண்டு பொம்மைகள்.

"யாரு இவங்க?"

"உன் பொண்ணும் மாப்பிள்ளையும். மறுவீட்டுக்கு வந்திருக்காங்க. வாசல்லயே நிக்க வெச்சா என்ன மரியாதை?"

வகுளா மாப்பிள்ளையைத் திருப்பிப் பார்த்தாள். "இது காலுறை இல்ல? கழுத்தே காணோம்!"

"பொண்ணோட தையல் மட்டும் என்ன வாழுதாம்?"

"மாப்பிள்ளைக்கு இவ எவ்வளவோ தேவலை" என்றாள் வகுளா. ஏன் கோபம் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கேசரி கிளறினாள். பொம்மைகளுக்கும் ஒரு கிண்ணத்தில் வைத்தாள். நாச்சியார் கல்யாணக் கதையைப் பொரியிலிருந்து தாலிவரை சொன்னாள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. வகுளா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெண் பொம்மை எப்போது அவள் மடிக்கு வந்தது என்று இருவரும் கவனிக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் நாச்சியார் எழுந்தாள். "சரி, பொண்ணையும் மாப்பிள்ளையையும் அனுப்பி வைங்க, சம்பந்தி."

"மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் வகுளா. "இவ ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும்."

"அதெல்லாம் முடியாது."

நாச்சியார் கை நீட்டினாள். வகுளா பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். நூறு வயதுக்கு அது நல்ல வேகம். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

நாச்சியார் மறுபடி உட்கார்ந்தாள். கேசரிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.