பின்சீட்ட மட்டும் விட்டுட்டுப் போங்க

வண்டி வராந்தாவின் கோடியில், பழைய படுக்கை விரிப்பால் மூடி நின்றிருந்தது. விரிப்பை விலக்கியதும் பல் டாக்டருக்கு மூச்சு ஒரு கணம் நின்று வந்தது. கறுப்பு பிஎம்டபிள்யூ பைக். அவர் பிறப்பதற்கு முன்பே ஓடிய வண்டி. இரண்டு பக்கமும் முழங்கைகளை நீட்டியதுபோல் சிலிண்டர்கள். டாங்கின்மேல் கையால் இழுத்த வெள்ளைக் கோடு, தொடை உரசிய இடத்தில் மட்டும் மங்கியிருந்தது. யாரும் மறுபடி பெயிண்ட் அடித்துக் கெடுத்திருக்கவில்லை.

வீட்டில் ஏற்கெனவே இதே ரகத்தில் இரண்டு நின்றன. மனைவி அவற்றைச் சக்களத்திகள் என்பாள். மூன்றாவது வந்தால் கிளினிக் நாற்காலியிலேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று எச்சரித்திருந்தாள்.

விற்றவர் ஓய்வுபெற்ற நர்ஸ். வண்டி அவருடைய இறந்துபோன அண்ணனுடையது. விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம்.

"பின்சீட்ட மட்டும் கழட்டி இங்கயே விட்டுட்டுப் போங்க சார்."

பின்சக்கரத்து மட்கார்டின்மேல் தனியாகப் பொருத்திய ரப்பர் இருக்கை அது. இப்போது தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. டாக்டர் இதமாகப் பேசினார். பழைய வண்டியைக் காப்பாற்றுவது என்றால் ஒரு திருகாணிகூட மாறக்கூடாது என்றார். சீட்டு இல்லாத வண்டி முன்பல் போன வாய் என்றார். நர்ஸ் சிரிக்கவில்லை. காரணம் கேட்டார். கடைசியில், "உங்க இஷ்டம்" என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டர் சீட்டோடேயே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கார்புரேட்டரைக் கழுவி, ஆயிலையும் விறைத்துப்போன ஒயர்களையும் மாற்றி, ஒரு ஞாயிறு காலையில் முதல்முறையாக வெளியே எடுத்தார். இஞ்சின் சீராக, தாழ்ந்த குரலில் ஓடியது. ஆனால் வளைவுகளில் வண்டி அவர் சொன்னபடி சாயவில்லை. சற்றுத் தயங்கி, பிறகு சாய்ந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் சாயும்.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று கழற்றிப் பார்த்தார். பழுது ஒன்றுமில்லை.

அந்த வாரம் முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. சொத்தைப் பல்லைக் குடையும்போதும் மனம் ஷெட்டிலேயே கிடந்தது. கால் கிடைத்த நேரமெல்லாம் வண்டியை நோக்கியே போயிற்று.

ஒரு நாள் மாலை, சிக்னலில் நின்றார். சுற்றிலும் வாகனங்கள், நல்ல வெளிச்சம்.

நின்ற வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது.

காய்ந்த சாலையில், மழையில் நனைந்த தாரின் வாசனை.

பிடரியில் மூச்சு பட்டது. யாரோ பேச வாயெடுப்பதுபோல்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த கையோடு பின்சீட்டைக் கழற்றித் தரையில் போட்டார். சத்தம் கேட்டு வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேலி செய்யவில்லை. கார் சாவியை எடுத்துவந்து, நீங்கள் ஓட்ட வேண்டாம், நான் ஓட்டுகிறேன் என்றாள்.

நர்ஸ் வீட்டு வாசலில் மனைவி காரிலேயே இருக்க, டாக்டர் மட்டும் சீட்டோடு உள்ளே போனார். நர்ஸ் அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி இதுலதான் உட்கார்ந்து போவாங்க. ஒரு மழை நாள்ல, பாலத்துமேல விழுந்துட்டாங்க. அண்ணனுக்குத் தெரியல. வீடு வரைக்கும் அவங்ககிட்ட பேசிக்கிட்டே வந்திருக்கார். வாசல்ல நிறுத்தி, இறங்குன்னு சொல்லிட்டுத்தான் திரும்பினார்."

அதற்குப் பிறகும் அண்ணன் சாகும்வரை தினமும் அந்த வண்டியை ஓட்டினாராம். பின்சீட்டில் ஒரு பையைக்கூட வைக்க விட்டதில்லையாம்.

டாக்டர் சீட்டை நீட்டினார். நர்ஸ் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது வெறும் ரப்பர் சார். உட்கார இடமில்லன்னா போயிடுவாங்கன்னு நெனச்சேன். நீங்க ஏத்திக்கிட்டுப் போயிட்டீங்க. இனிமே சீட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்து காரின் முன்னிருக்கையில் ஏறி, கிளம்பு என்றார்.

தெருமுனை தாண்டுவதற்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. பின்னிருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால்தான் அது எரியும்.

"பின்னாடி ஏதாவது வச்சீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

அவர் எதையும் வைக்கவில்லை. இருக்கை காலியாக இருந்தது.

மணி நிற்கவில்லை. மனைவி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வேகத்தைக் கூட்டினாள். தூரத்தில் அந்தப் பாலம் தெரிந்தது.

டாக்டர் தன் பெல்ட்டை அவிழ்த்து, திரும்பிப் பின்னிருக்கைப் பக்கம் எட்டினார். காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டி, தன்னுடையதையும் மறுபடி போட்டுக்கொண்டார்.

மணி நின்றது.

"மெதுவாப் போ," என்றார்.

பாலத்தைக் கடக்கும்வரை அவர் பின்னிருக்கையிலிருந்து கண்களை எடுக்கவில்லை. பெல்ட் இருக்கையில் படியவே இல்லை. ஒரு மடியின் உயரத்தில், வளைந்து நின்றது.