ஊசியைச் சாய்த்தது யார்?

தொண்டைமானாற்றுக் கரையில் இரத்தினம்மா தேங்காய்மட்டை ஊறப்போடும் குழி, பட்டப்பகலிலும் பெருமூச்சு விடும். கருஞ்சேற்றிலிருந்து குமிழி எழும், உடையும், மீண்டும் எழும். ஊறிய மட்டையைத் தட்டிக் கயிறு திரிக்கும் தும்பெடுத்து விற்றால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும்.

அவள் மகன் சோமசேகரம் விடுமுறைக்கு வந்தபோது, கல்லூரியிலிருந்து ஒரு கருவி கொண்டுவந்தான். மின்சாரம் ஓடினால் அதன் ஊசி சாயும். பழைய டோர்ச் பற்றறிகளின் கரிக்கோல்களில் கம்பி சுற்றி, ஒன்றைச் சேற்றில் புதைத்தான். மற்றொன்றை மேல்நீரில் விட்டான். இரண்டையும் கருவியில் பூட்டினான்.

தொடுவார் யாருமில்லை. ஆயினும் சில நாளில் ஊசி, எவரோ விரலால் தள்ளியதுபோல் மெல்லச் சாய்ந்தது!

"பேய்!" என்று ஊர் அலறியது. பேயின் பசி தணிக்கப் பொங்கலும் பானக்கமும் குழியில் கொட்டினார்கள். ஊசியோ முன்னிலும் அதிகமாய்ச் சாய்ந்தது.

ஊர்த்தலைவரான விதானையார் மார்க்கண்டு கட்டளையிட்டார்: "வாற வெள்ளி குழியை மூடவேணும்."

"மூடினால் நாங்கள் என்னத்தைத் தின்னுறது, ஐயா?" என்று இரத்தினம்மா அழுதாள்.

அவள் மகள் பத்மாவதிக்கு மேனி சிலிர்த்தது. 'சோறு போட்டால் பலம் ஏறுகிறது. அப்படியானால் சேற்றுக்குள் பசியுள்ள எதுவோ இருக்கிறது!'

இரண்டு சட்டிகளில் குழிச்சேறும் மேல்நீரும் அள்ளினாள். ஒன்றை மூடி அடுப்பில் ஏற்றினாள்.

"சேத்திலையோ குழம்பு வைக்கிறாய்?" என்றாள் தாய்.

"ஓம் அம்மா, விதானையாருக்கு விருந்து."

ஆறிய பின் இரண்டு சட்டிகளிலும் கரிக்கோல்களை வைத்துக் காத்திருந்தாள்.

வெள்ளியன்று மண்வெட்டிகளோடு ஊர் திரண்டது. காய்ச்சாத பச்சைச் சேற்றுச் சட்டியில் பத்மாவதி கருவியைப் பூட்டினாள். ஊசி சாய்ந்தது, கூட்டம் பின்வாங்கியது. காய்ச்சிய சட்டியில் பூட்டினாள். ஊசி அசையவே இல்லை.

"விதானையார், பேய்க்கு நெருப்புச் சுடுமோ?"

"விசர்க் கதை கதையாதை, பிள்ளை! பேயை எந்த நெருப்புச் சுடும்?"

"அப்ப இந்தச் சட்டிக்குள்ளை வெந்து செத்தது ஆர்?"

விதானையார் தள்ளி நின்றே சட்டியை எட்டிப் பார்த்தார். பத்மாவதி தொடர்ந்தாள்:

"நெருப்புக்காய்ச்சல் வந்தபோது தண்ணியைக் கொதிக்கவைச்சுத்தானே குடிச்சனீங்கள்? கொதிச்சால் கிருமி சாகும். இதுவும் கிருமிதான், ஆனால் கெடுதல் செய்யாத கிருமி. மட்டையை இளக்கிறதும் அதுதான். உங்கடை படையலைத் திண்டுபோட்டு மின்சாரம் தருகுது."

"ஐயோ, என்ரை பானக்கம்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. விதானையாரும் சிரித்தார்; ஆனால் சட்டிக்குக் கிட்டப் போகவில்லை.

"குழி கிடக்கட்டும்," என்றார்.

எல்லாரும் போனபின், பத்மாவதி ஒரு செம்பு கஞ்சியைக் குழியில் ஊற்றினாள். கீழே, இருளில், கண்காணாத கோடி வாய்கள்! குமிழியொன்று எழுந்து, மூச்சுப்போல் உடைந்தது.

"அவசரமில்லை, ஆறுதலாய்ச் சாப்பிடுங்கோ," என்றாள் மெதுவாக.

மறுநாட் காலையில் ஊசி, நன்றி சொல்வதுபோல் இன்னும் சற்றுத் தலை சாய்த்திருந்தது.